தூங்குகிறவரை எழுப்பாத வீடு

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், செவ்வந்தி. பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக ஒரே ஆளுக்குப் போட்டுப் போட்டு என் கை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. கதவை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சாத்தியிருக்கலாம். பரவாயில்லை, அவர் எழவில்லை. உள்ளறையில் தூங்குகிறார்.

போன வருஷம் நம் மகளிர் மன்றத்தில் போட்ட பக்கவாத விழிப்புணர்வு நாடகத்தால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்று மேடையேறி இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறீர்கள். "உங்களைவிடப் பொருத்தமான ஆளு நம்ம பிளாக்ல யாருக்கா?" என்கிறீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்த நாடகத்தை எழுதியவர் நீங்கள். அதனால் உங்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் சொல்லலாமா என்பதைக் கேட்ட பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிரயோஜனம் உண்டு. நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

ஒத்திகையில் நான் படுத்திய பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மனைவி வேஷம். சடையப்பன் சார் சம்சாரத்துக்கு ஒட்டு மீசை வைத்துப் புருஷன் வேஷம். அழ வேண்டிய இடத்திலெல்லாம் அந்த மீசையைப் பார்த்துச் சிரித்தேன். "அக்கா, அவருக்கு மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, நீங்க பல்லைக் காட்டிக்கினு நிக்கிறீங்க" என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். மேடையில் மட்டும் எப்படியோ சரியாகச் செய்துவிட்டேன். புருஷனைச் சிரிக்கச் சொல்வேன். வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் தூக்கச் சொல்வேன். ஒரு கை தானாக இறங்கும். மாமரத்தில் மூன்று மாங்காய் என்று சொல்லச் சொல்வேன், நாக்குக் குழறும். உடனே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஒரு நிமிஷம் தாமதிச்சாலும் மூளை செத்துக்கினே போகும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று போனை எடுப்பேன். கைதட்டல். திரை.

முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தட்டியவர் என் வீட்டுக்காரர்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் ஒன்று சொன்னார். "ஏய் மலரு, நீ இவ்ளோ நல்லா பேசுவியா?"

சிரிக்காதீர்கள். ஐம்பத்து மூன்று வயதில், பேரன் எடுத்த பிறகு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த மனிதர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். அதிலும் அது நீங்கள் எழுதிக்கொடுத்த வசனம்.

அவரைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு ஜெனரல் ஷிப்ட், பகல் வேலை மட்டும். உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. இவர் மைன்ஸில் நிலக்கரி கன்வேயர் பக்கம். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி ஓடும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் என்ன பேச முடியும்? காபி, படுக்கை, அவ்வளவுதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அவர் தூங்கும்போதே நடந்து முடிந்துவிட்டது.

அவர் தூக்கத்துக்கு நான் வைத்திருந்த காவலைப் பார்த்து இந்தத் தெருவே சிரிக்கும். ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருப்பேன். காலிங்பெல் ஒயரை என்றைக்கோ பிடுங்கியாகிவிட்டது. கீரைக்காரம்மா மற்ற வீடுகளில் கத்திவிட்டு என் வாசலில் மட்டும் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டுவாள். சட்னிகூடப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில், நூர் நிஷா மிக்ஸியில்தான். அவள் கேலி பண்ணுவாள். "மலரக்கா, உங்க வூட்டுக்காரர் தூங்கறதுக்குத் தெருவுக்கே தடையுத்தரவு போட்டுக்கினு இருக்கீங்களே. எங்க வூட்டு ஆளு தூங்கினா நான் காதுலயே பாத்திரம் தேய்ப்பேன்." ஆனால் வேறு யாராவது புதுப்பெண் குடிவந்தால், "மலரக்காவைப் பாத்துக் கத்துக்க" என்று அவளே சொல்வாள். எனக்கு அதில் ஒரு பெருமை. சிலருக்குப் பட்டுப்புடவை, எனக்கு அவர் தூக்கம்.

எல்லாவற்றையும் ஒருநாள் பேசிக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன். ரிட்டையர் ஆகட்டும், பகலில் விழித்திருப்பார், ராத்திரி தூங்குவார், மனுஷன் மாதிரி எதிரில் உட்காருவார் என்று. ஸ்கூட்டரில் கேட்ட அந்த ஒரு வாக்கியம் வேறு. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் கனவு கண்டேன். புதுச் சேலை எடுத்தேன், முடிக்கு மை போட்டேன். அந்த மை நெற்றியில் இறங்கி நான் இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ஒடிசாவில் புதுச் சுரங்கத்துக்கு ஆள் கேட்டார்களாம், கடைசி இரண்டு வருஷத்துக்கு இவர் தானாகவே பெயர் கொடுத்துவிட்டாராம். உத்தரவும் வந்துவிட்டது.

"அங்க ஜெனரல் ஷிப்ட்தான். ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

"நானும் வரட்டுமா?"

"அந்தப் பொட்டக்காட்டுல நீ என்னா பண்ணப் போற? கோயம்புத்தூர் போய்ச் சங்கீதா வூட்ல இரு. பேரன் கூடப் பேசிக்கினு இரேன்."

ரசம் ஊற்றினேன். முப்பது வருஷம் காவல் காத்தவள் நான். அந்த மனிதர் கடைசியில் ராத்திரி தூங்கப் போகிறார், அதையும் ஒடிசாவில் போய்த் தூங்கப் போகிறார். நினைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. பண்ருட்டிக்குப் போய்ச் சூட்கேஸ் வாங்கிவந்தார். சிரித்த முகமாகச் சீட்டியடித்துக்கொண்டே துணி மடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். இரவு ஷிப்ட் முடித்து வந்தார், வந்ததும் படுத்துவிட்டார், வழக்கம்போல நான் எழுப்பவில்லை. நூர் நிஷா சட்னிக் கிண்ணத்தோடு வந்தவள், அவர் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடப்பதைப் பார்த்துக் கத்தினாள். முப்பது வருஷத்தில் இந்த வீட்டில் பகலில் கேட்ட முதல் கூச்சல் அது. அவள் வீட்டுக்காரர் நிஜாமுதீன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். நேரம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பாவம் மலர்க்கொடி, நாடகத்தில் நடித்தவள், அவள் வீட்டிலேயே இப்படியா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்களும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

அதில் இரண்டே இரண்டு இடத்தைத்தான் திருத்த வேண்டும்.

ஒன்று, அவர் வந்ததும் படுக்கவில்லை. காபி குடித்தார். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான். ஷிப்ட் பஸ்ஸில் யாரோ சொன்ன ஜோக்கை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஒடிசா உத்தரவு வந்ததிலிருந்து அவ்வளவு குஷி. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் குழறினார். காபி வலது கடைவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது. டம்ளர் கையிலிருந்து நழுவியது.

எனக்குப் பதற்றமே இல்லை. ஒத்திகை பார்த்த காட்சிதானே. முதலில் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். அப்புறம் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏங்க, கொஞ்சம் சிரிங்க" என்றேன். வாய் கோணியது. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். வலது கை இறங்கியது. "மாமரத்தில் மூன்று மாங்காய், சொல்லுங்க" என்றேன். அவருக்கு வந்தது 'மா' மட்டும்.

ஒன்றையும் விடவில்லை, செவ்வந்தி. இந்த முறை சிரிக்கவும் இல்லை.

அவருக்கும் நாடகம் தெரியும், முன்வரிசையில் பார்த்தவர். மாங்காய்க்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் மேசைமேல் இருந்தது. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். என் வசனத்துக்காகக் காத்திருந்தார். என் பேச்சுக்காக அந்த மனிதர் அவ்வளவு ஆவலாகக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"நைட் முழிச்ச களைப்புங்க. படுங்க, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றேன்.

தோளில் தாங்கி அழைத்துப்போய்ப் படுக்கவைத்தேன். போர்வை போர்த்தினேன். மின்விசிறியைப் போட்டேன். ஜன்னலில் செய்தித்தாள் ஒரு மூலையில் பிய்ந்து வெயில் விழுந்தது, அதைச் சோற்றுப் பசை வைத்து ஒட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தேன்.

நான் அவருக்குக் கெட்டது நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கடையில் போய் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்பதுபோல நான் ஒரு சின்னப் பக்கவாதம் கேட்டேன், அவ்வளவுதான். ஒடிசாவை ரத்து செய்கிற அளவுக்கு; ஒரு ஆறு மாதம் வீட்டில் உட்காரவைக்கிற அளவுக்கு. கொஞ்ச நேரம் பொறுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் கொஞ்சமாக மிச்சம் இருக்கும் என்று ஒரு கணக்கு. காய்கறிக்காரரிடம்கூட எனக்குச் சரியாக நிறுத்து வாங்கத் தெரியாது. இதில் போய் அளவு பார்த்தேன்.

கீரை ஆய்ந்து முடிக்கவில்லை. நூர் நிஷா வந்துவிட்டாள்.

இரண்டாவது திருத்தம் ஆஸ்பத்திரியில். சின்ன வயசு டாக்டர். ஸ்கேன் எடுத்தார், ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றார். அடைப்பைக் கரைக்கிற ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், நேரம் தப்பிப் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்துவிடும் என்றார். அதனால் என்னிடம் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா இவரை நல்லா இருந்ததாப் பாத்தீங்க?"

கீரைகூட முடியவில்லை என்று சொன்னேனே. நேரம் இருந்தது. காலையில் காபி குடிக்கும்போது நன்றாகப் பேசினார் டாக்டர், என் கண் எதிரேதான் குழறினார் என்று சொன்னால் போதும், ஊசி ஏறியிருக்கும். நர்ஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பார்த்துக்கொண்டே ஏன் படுக்க வைத்தீர்கள் என்று கேட்பார். நாடகத்தில் நடித்தவள் வேறு.

"நேத்து ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பறப்ப பாத்தேன் டாக்டர்" என்றேன்.

"காலையில வந்தப்ப? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூடப் போதும். காபி கீபி குடிச்சாரா?" அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஆமாம் சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிற முகம்.

"எங்க வீட்ல நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவர்கிட்ட பேசற வழக்கம் இல்லீங்க டாக்டர். வந்தார், படுத்துட்டார். நான் முகத்தைக்கூடப் பாக்கல."

பக்கத்தில் நின்ற நூர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா டாக்டர், அக்கா எழுப்பவே மாட்டாங்க, எங்க தெருவுக்கே தெரியும்" என்றாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பாவும் மைன்ஸ்தாம்மா. எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார். வேறு ஊராக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நெய்வேலியில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. புதுச்சேரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கேயும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லும்போது அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது, காது நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் வந்த மாதங்களைப் பற்றிச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். என் கல்யாண வாழ்க்கையில் அவைதான் நல்ல மாதங்கள். காலையில் முகம் துடைத்து, இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டி, எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பேன். சேர்த்து வைத்த அத்தனையும். சங்கீதா பிறந்தபோது அவர் மதிய ஷிப்டில் இருந்ததிலிருந்து தொடங்கி. அவர் எங்கேயும் எழுந்து போகவில்லை. தூக்கம் வருகிறது என்று சொல்லவில்லை. இந்தத் தெருவில் என்னைவிடக் கொடுத்துவைத்தவள் யார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. இடது கை விரலால் வலது மணிக்கட்டைத் தட்டுவார், வாட்ச் கட்டுகிற இடத்தில். யார் வந்தாலும் தட்டுவார். என்னைக் காட்டித் தட்டுவார். "பாவம், ஷிப்ட் பஸ் ஞாபகம்" என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். நீங்கள் வந்தபோதும் தட்டினார். உங்கள் கண் கலங்கியது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள், அன்புக்கரசி. கெட்டிக்காரப் பெண், கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரி. அவள் வந்து மூன்று மாதத்தில் அவருக்கு இரண்டொரு வார்த்தை திரும்பிவிட்டது. போன வாரம் சங்கீதா வீடியோவில் கூப்பிட்டபோது, அவர் போனைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டினார். "கா... பி" என்றார். இடது கையால் வலது கையைப் பிடித்து மேலே தூக்கி, விட்டார். அது தொப்பென்று விழுந்தது. திரும்பவும் தூக்கி, விட்டார். என்னைக் காட்டினார்.

சங்கீதா போனில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். அப்புறம், "அம்மா, அன்னிக்கு அப்பா காபி குடிச்சாரா?" என்றாள்.

"இல்லடி. வந்ததும் படுத்துட்டார்."

"சரி, நேர்ல வந்து பேசிக்கறேன். அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன், இங்க நல்ல டாக்டர் இருக்காங்க. நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா."

அவர் காதில் அது விழுந்தது. பாதி வாயால் சிரித்தார். ஒடிசாவுக்குத் துணி மடித்தபோது சிரித்த அதே சிரிப்பு. இந்த மனிதருக்கு என்னை விட்டுப் போவதென்றால் எங்கிருந்துதான் அவ்வளவு சந்தோஷம் வருகிறதோ. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளைப் பார்க்கிற ஆசை. இன்றைக்குச் சாயங்காலம் வருகிறாள். அந்தப் பெரிய சூட்கேஸைத்தான் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், பாருங்கள்.

காபி ஆறிவிட்டதா? வேறு போடட்டுமா?

நாடகத்தால் பிரயோஜனம் உண்டு என்று நான் சொன்னது அந்த ஒரு நாளை மட்டும் வைத்து இல்லை. நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் காபி கொடுத்தேன். இந்தத் தடவை இடது கடைவாயில் வழிந்தது. கீழே உட்கார்ந்து சிரிக்கச் சொன்னேன். இடது கையைத் தூக்கச் சொன்னேன், பாதி வந்து விழுந்தது. மாங்காயைக் கேட்கவில்லை, அது அவருக்கு எப்போதும் வந்ததில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். அப்போதுதான் நீங்கள் கேட்டைத் திறந்தீர்கள்.

உட்காருங்கள். எழுந்தால் நாற்காலி சத்தம் போடும்.

சரி, உங்களுக்குச் சமாதானம் ஆகாது. போனை எடுங்கள், நான் தடுக்கவில்லை. தடுக்கிற ஆளாக இருந்தால் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேனா? கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள், இந்த முறை சரியாகவே சொல்லிவிடலாம். இன்னும் நேரம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான்தான் கொஞ்சம் நீட்டிவிட்டேன். யாராவது கேட்க உட்கார்ந்தால் எனக்கு இப்படித்தான், நிறுத்த வராது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், செவ்வந்தி. நம் தெருவுக்குள் நுழையும்போது சைரனை மட்டும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். பாதியில் எழுப்பினால் அவருக்குப் பிடிக்காது.